கேரவன் தண்ணீர் லைனில் கசிவா? கண்டுபிடிப்பதிலிருந்து காயவைப்பது வரை

எல்லாக் குழாயும் மூடியிருக்கிறது, எல்லோரும் படுத்தாயிற்று. திடீரென்று கட்டிலுக்கு அடியில் பம்ப் 'டர்ர்' என்று இரண்டு விநாடி ஓடி நிற்கிறது. கால் மணி நேரம் கழித்து மறுபடியும் டர்ர். ஆர்.வி., கேரவன், கேம்பர் வேன் என்று எந்தப் பெயரில் இருந்தாலும், வீட்டு வண்டி வைத்திருப்பவர்கள் இந்தச் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் தூங்கிவிடக் கூடாது. லைனில் எங்கோ அழுத்தம் இறங்குகிறது, அதை ஈடுகட்டத்தான் பம்ப் ஓடுகிறது.

விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் அற்பமாகத் தோன்றும். ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லி. அப்படியே ஒரு நாள் சொட்டினால் 4 லிட்டருக்கு மேல் வரும். வீட்டில் அந்த 4 லிட்டர் சிமென்ட் தரையில் ஓடி வெளியே தெரிந்துவிடும். வண்டியில் அது ப்ளைவுட் தளத்துக்குள் ஊறும், சுவர்ப் பலகைக்குப் பின்னால் இறங்கும். தரை மெத்தென்று அமுங்கும்போதுதான் விஷயம் தெரியவரும். அதற்குள் மரம் உளுத்திருக்கும்.

இந்த வேலையில் முக்கால் பங்கு தேடுவதுதான், பழுது பார்ப்பது கால் பங்கு. தண்ணீர் தெரிகிற இடமும் கசிகிற இடமும் பெரும்பாலும் வேறு வேறு. எனக்கு முதல் தடவை பின்பக்கக் கட்டிலுக்கு அடியில் ஈரம் தெரிந்தது. அங்கிருந்த பலகையைக் கழற்றி, பைப்பை எல்லாம் தடவிப் பார்த்து அரை நாள் போயிற்று. கடைசியில் கசிவு இருந்தது அங்கிருந்து இரண்டு மீட்டர் முன்னால், வெளித் தண்ணீர் இணைப்பு வாயின் பின்புறம். வண்டி பின்பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றதால் தண்ணீர் தளத்தோடு ஓடிப் பின்னால் தேங்கியிருக்கிறது. அதிலிருந்து, ஈரத்தைக் கண்டால் வண்டி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். மேட்டுப் பக்கமாகத் தேடிக்கொண்டு போக வேண்டும்.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது

வண்டிக்குள் தண்ணீர் இரண்டு வழியில் வரும். ஒன்று, நல்ல தண்ணீர் டேங்க். அதிலிருந்து 12 வோல்ட் பம்ப் உறிஞ்சி லைனுக்குள் தள்ளும். குழாயைத் திறந்ததும் அழுத்தம் இறங்க, பம்ப் தானே ஓடும். மூடினால் அழுத்தம் 45 முதல் 55 பி.எஸ்.ஐ (அழுத்தத்தை அளக்கிற அலகு) வரை ஏறியதும் நின்றுவிடும். இன்னொன்று, வெளியே இருக்கிற குழாயிலிருந்து ஹோஸ் மாட்டுகிற இணைப்பு. அந்த வாய்க்குள் ஒருவழி வால்வு இருக்கும். பம்புக்குள்ளும் அப்படி ஒன்று உண்டு, தண்ணீர் திரும்ப டேங்குக்குள் போகாமல் இருக்க. இந்த இரண்டு வால்வையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சோதனையில் இரண்டும் வந்து குழப்பும்.

இரண்டு வழியும் சேர்ந்தபின் லைன் ஒன்றுதான். அது ஒரு கிளையாக ஹீட்டருக்குள் போய்ச் சுடுதண்ணீராக வரும், மறு கிளை குளிர்தண்ணீராக சிங்க், ஷவர், டாய்லெட் என்று போகும். வண்டியின் அடியில் இரண்டு வடிகால் வால்வுகள் இருக்கும், லைனை முழுக்கக் காலி செய்ய.

கை வைக்கும் முன்

பம்ப் சுவிட்சை அணையுங்கள். வெளி ஹோஸை மூடுங்கள். ஹீட்டரை, கேஸ், கரண்ட் இரண்டிலும் அணையுங்கள். ஹீட்டரில் தண்ணீர் இல்லாமல் கரண்ட் மட்டும் ஓடினால் உள்ளே இருக்கிற ஹீட்டிங் காயில் சில நிமிடங்களில் கருகிவிடும். ஈரத்துக்குப் பக்கத்தில் வயர் ஓடினால் வெளிக் கரண்ட் இணைப்பையும் பிடுங்கிவிடுங்கள். ஹீட்டர் ஆறும்வரை காத்திருந்து, அப்புறம் ஒரு குழாயைத் திறந்து லைனில் இருக்கிற அழுத்தத்தை விடுங்கள். அழுத்தம் இருக்கும்போது ஒரு நட்டைக் கழற்றினால் முகம் நனைவதோடு போகாது, பக்கத்திலிருக்கிற ஃப்யூஸ் பெட்டியும் நனையும்.

படி 1: இது உண்மையிலேயே லைன் கசிவா?

மழை பெய்தால் மட்டும் ஈரம் வருகிறதென்றால் கூரையையும் ஜன்னல் ஓரங்களையும் பாருங்கள். சிங்க்கில் பாத்திரம் கழுவும்போது மட்டும் சொட்டினால் அது கழிவுநீர்ப் பைப். அங்கே அழுத்தம் கிடையாது, நெகிழ்ந்த நட்டை இறுக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். புழுக்கமான நாளில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய டேங்க் வியர்த்து அடியில் குளம் கட்டும். அது கசிவே இல்லை. துடைத்துவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், வியர்வை என்றால் பரப்பு முழுக்க முத்து முத்தாக நிற்கும். கசிவு என்றால் ஒரே கோடாக இறங்கும்.

இதெல்லாம் இல்லையென்றால் பம்ப் சோதனை. டேங்கில் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கட்டும். எல்லாக் குழாயையும் ஒருமுறை திறந்து காற்றை வெளியேற்றி மூடுங்கள். பம்ப் ஓடி நிற்கும். இனி வண்டியில் யாரும் தண்ணீரைத் தொடக் கூடாது. ஒரு மணி நேரம் பம்ப் மறுபடி ஓடவில்லையென்றால் லைன் நன்றாக இருக்கிறது. ஓடினால் கசிவு உண்டு. எவ்வளவு அடிக்கடி ஓடுகிறதோ அவ்வளவு பெரிய ஓட்டை.

ஒரே ஒரு ஏமாற்று உண்டு. எங்கேயும் ஈரமே இல்லை, ஆனாலும் பம்ப் விட்டுவிட்டு ஓடுகிறது. அப்போது பம்புக்குள் இருக்கிற ஒருவழி வால்வில் தூசி சிக்கி, தண்ணீர் டேங்குக்கே திரும்பிக்கொண்டிருக்கலாம். பம்பை அணைத்துவிட்டு வெளி ஹோஸை மாட்டித் திறந்து வையுங்கள். டேங்கின் மட்டம் தானாக ஏறினால் குற்றவாளி அந்த வால்வுதான். பம்பின் தலைப்பகுதியைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம், இல்லையென்றால் அந்தப் பகுதியை மட்டும் மாற்றலாம்.

மறுபக்கமும் பாருங்கள். ஹோஸைக் கழற்றிவிட்டு பம்பை ஓடவிடும்போது, வெளி இணைப்பு வாயிலிருந்து தண்ணீர் சொட்டினால் அங்கிருக்கிற ஒருவழி வால்வு போய்விட்டது. வெளியிலிருந்தே மாற்றிவிடக்கூடிய வேலை, பலகை எதையும் பிரிக்க வேண்டாம்.

படி 2: எந்தக் கிளையில்?

பலகைகளைக் கழற்றத் தொடங்கும் முன் வட்டத்தைச் சுருக்குங்கள். ஹீட்டரின் பின்னால் மூன்று வால்வுகள் இருந்தால் வேலை சுலபம்: குளிர்தண்ணீர் உள்ளே போவது, சுடுதண்ணீர் வெளியே வருவது, இரண்டையும் இணைக்கிற பைபாஸ். மூன்றையும் மூடிவிட்டால் சுடுதண்ணீர் லைனுக்கு அழுத்தமே போகாது. இப்போது பம்ப் சோதனையை மறுபடி செய்யுங்கள். பம்ப் அமைதியானால் கசிவு ஹீட்டரிலோ சுடுதண்ணீர் லைனிலோ இருக்கிறது. இன்னும் ஓடினால் குளிர்தண்ணீர்ப் பக்கம்.

இந்தச் சோதனைக்கு முன் வெளி ஷவரைப் பாருங்கள். பலர் அதன் இரண்டு குழாயையும் திறந்தபடி விட்டுவிட்டு, கைப்பிடியில் உள்ள பட்டனை மட்டும் மூடி வைத்திருப்பார்கள். அந்த வழியாகக் குளிர்தண்ணீர் சுடுதண்ணீர் லைனுக்குள் புகுந்து சோதனையைக் கெடுக்கும்.

அடுத்து டாய்லெட், சிங்க் ஆகியவற்றுக்குக் கீழே தனி வால்வு இருந்தால் ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். எல்லா வண்டியிலும் இருக்காது. இல்லாதவர்கள் நேராக அடுத்த படிக்குப் போகலாம்.

படி 3: டிஷ்யூவும் டார்ச்சும்

எல்லா ஜாயின்ட்டையும் துணியால் நன்றாகத் துடையுங்கள். பிறகு காய்ந்த டிஷ்யூ பேப்பரை ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் ஒரு சுற்றுச் சுற்றி விடுங்கள். பம்பைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். விரலுக்குத் தெரியாத ஈரமும் டிஷ்யூவில் கரும்புள்ளியாகத் தெரியும். பைப்பின் அடிப்பக்கத்தைப் பார்க்கக் கண்ணாடித் துண்டு ஒன்று போதும். போன் கேமராவை உள்ளே நீட்டி வீடியோ எடுப்பது அதைவிட வசதி.

எங்கே முதலில் தேடுவது? என் வரிசை இது. பம்பும் அதன் முன்னால் இருக்கிற வடிகட்டிக் கிண்ணமும். அது அதிர்ந்துகொண்டே இருக்கிற இடம், மூடியில் மயிரிழை விரிசல் விழும். அப்புறம் டாய்லெட்டின் பின்பக்க வால்வு. குளிரில் உறைந்து வெடிப்பதில் இதுதான் முன்னணி. மூன்றாவது, வெளி ஷவர்ப் பெட்டியின் பின்புறம். அடுத்தது ஹீட்டரின் பின்னால் உள்ள இணைப்புகள், சிங்க் குழாயின் அடியில் இருக்கிற பிளாஸ்டிக் நட்டுகள், அடி வடிகால் வால்வுகள். கடைசியாக, பைப் மரத்தையோ இரும்பையோ துளைத்துப் போகிற இடங்கள். வண்டி ஓட ஓடப் பைப் அந்த ஓரத்தில் உரசித் தேயும்.

வண்டியின் வயிற்றுப் பகுதி பிளாஸ்டிக் தகட்டால் மூடப்பட்டிருந்தால் கீழே குனிந்து பாருங்கள். எங்காவது தொப்பை போல் தொங்கினால் அதற்குள் தண்ணீர் நிற்கிறது. தாழ்வான இடத்தில் சிறு கீறல் போட்டு வடிய விடலாம். கத்தியை ஆழமாக இறக்காதீர்கள், மேலே வயர் போகும். வேலை முடிந்ததும் அந்தத் தகட்டுக்கான டேப்பால் ஒட்டிவிடலாம்.

படி 4: பழுது

*கையால் இறுக்குகிற பிளாஸ்டிக் நட்டுகள்.* உள்ளே கூம்பு வடிவ ரப்பர் வாஷர் இருக்கும். தண்ணீரைத் தடுப்பது அந்த வாஷர்தான், மரை அல்ல. அதனால் இங்கே டெஃப்லான் டேப் சுற்றிப் பயனில்லை. கழற்றி, வாஷரைத் துடைத்து, நசுங்கியிருந்தால் மாற்றி, கையால் இறுகும்வரை திருகுங்கள். போதவில்லையென்றால் ஸ்பேனரால் கால் சுற்று. அதற்கு மேல் வேண்டாம். "இன்னும் கொஞ்சம்" என்று நான் ஒருமுறை திருகினேன். 'டிக்' என்று மெல்லிய சத்தம், அவ்வளவுதான். நட்டில் நெடுக்காக ஒரு கோடு. சொட்டிக்கொண்டிருந்தது அதன்பின் பீய்ச்சியடித்தது.

*கூம்பு மரை உள்ள இணைப்புகள்*, அதாவது ஹீட்டர், பித்தளை எல்போ போன்றவை. இங்கே டெஃப்லான் டேப் வேண்டும். பழைய டேப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, திருகும் திசையிலேயே மூன்று சுற்று. எதிர்த் திசையில் சுற்றினால் திருகும்போதே டேப் உரிந்து வெளியே வந்துவிடும்.

*பைப்பே வெடித்திருந்தால்* அந்தத் துண்டை வெட்டியெடுத்து மாற்றுவதைத் தவிர வழியில்லை. இந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் பெக்ஸ் (PEX) என்கிற வளையக்கூடிய பிளாஸ்டிக் பைப். பி.வி.சி. பைப்புக்கான பசையோ எபாக்ஸியோ இதில் பிடிக்காது. ஒட்டியது போல் இருக்கும், அழுத்தம் ஏறியதும் உரிந்துவிடும்.

வாங்கும் முன் பைப்பின் வெளி விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். அரை அங்குல பெக்ஸின் வெளி விட்டம் உண்மையில் அரை அங்குலம் அல்ல, எட்டில் ஐந்து பங்கு அங்குலம், அதாவது 15.9 மி.மீ. சில வண்டிகளில் 12 மி.மீ. அல்லது 15 மி.மீ. பைப் இருக்கும். 15-ம் 15.9-ம் கண்ணுக்கு ஒன்றுதான், ஃபிட்டிங்குக்கு வேறு. பைப்பின் மேலேயே அளவு அச்சிட்டிருப்பார்கள். வெட்டிய துண்டைக் கையோடு கடைக்குக் கொண்டுபோவது இன்னும் நல்லது.

இணைப்பதற்கு எளிய வழி அழுத்திச் செருகுகிற ஃபிட்டிங்:

1. பைப் கட்டரால் நேராக வெட்டுங்கள். ரம்பத்தால் அறுத்தால் பிசிறு நிற்கும், சாய்வாகவும் போகும்.
2. முனையைத் துடையுங்கள். வெளிப்பக்கத்தில் நெடுக்காகக் கீறல் இருந்தால் அந்த இடத்தையும் வெட்டிவிடுங்கள். தண்ணீர் அந்தக் கீறல் வழியே ஃபிட்டிங்குக்குள் இருக்கிற ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை)த் தாண்டி வரும்.
3. ஃபிட்டிங் எவ்வளவு ஆழம் பைப்பை விழுங்கும் என்று உறையில் போட்டிருக்கும். பைப்பில் அந்த அளவுக்கு மார்க்கர் கோடு போடுங்கள்.
4. கோடு மறையும்வரை செருகி, பின்னால் இழுத்துப் பாருங்கள். வரக்கூடாது.

மூன்றாவது படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முதல் ஓ-ரிங் வரை போனதும் முட்டியது போல் தோன்றும். நின்றுவிட்டால் ஒரு வாரம் தாங்கி, ஏதோ ஒரு மேடுபள்ளத்தில் கழன்று வரும்.

நிறைய ஜாயின்ட் போட வேண்டியிருந்தால், பைப்பின் மேல் மாட்டி நசுக்குகிற உலோக வளையமும் அதற்கான கருவியும்தான் மலிவு, நிலைப்பதும் அதுதான். வளையம் பைப் முனையிலிருந்து 3 முதல் 6 மி.மீ. உள்ளே நிற்க வேண்டும். செம்பு வளையத்துக்கான கருவிக்கு நீளமான கைப்பிடி, வண்டியின் அலமாரிக்குள் அதை விரிக்க இடமிருக்காது. காது வைத்த ஸ்டீல் வளையத்தை ஒரு பக்கத்திலிருந்து நசுக்கினால் போதும். இண்டு இடுக்கில் வேலை செய்ய நான் அதையே எடுப்பேன்.

*சாம்பல் நிறப் பைப்* இருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1970-களின் கடைசியிலிருந்து 1990-களின் நடுவரை பாலிபியூட்டிலீன் பைப் பரவலாகப் போட்டார்கள். மேலே பி.பி. 2110 என்று அச்சிட்டிருக்கும். தண்ணீரில் இருக்கிற குளோரின் அதையும் அதன் பிளாஸ்டிக் ஃபிட்டிங்குகளையும் நாளடைவில் நொறுங்கவைக்கும். பெக்ஸோடு இணைக்க அதற்கென்றே உள்ள கப்ளர் (இரண்டு பைப்பை இணைக்கிற துண்டு) வேண்டும். ஓரிடத்தில் வெடித்தது அடுத்த மாதம் வேறிடத்தில் வெடிக்கும். லைன் முழுவதையும் பெக்ஸாக மாற்றிவிடுவதே என் யோசனை.

*ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு* சொட்டினால் உடனே மாற்ற ஓடாதீர்கள். தண்ணீர் சூடாகும்போது விரியும். அதற்கு இடம் கொடுக்க ஹீட்டர் டேங்கின் மேற்பகுதியில் கொஞ்சம் காற்று இருக்க வேண்டும். அந்தக் காற்று நாளடைவில் தண்ணீரில் கரைந்து போய்விடும். ஹீட்டர் நன்றாக ஆறியபின் பம்பையும் ஹோஸையும் மூடி, ஒரு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, பாதுகாப்பு வால்வின் நெம்பைத் தூக்கி, தண்ணீர் வருவது நிற்கும்வரை விடுங்கள். காற்று மறுபடி சேர்ந்துவிடும். அதன்பிறகும் ஆறிய நிலையில் சொட்டினால்தான் வால்வு போயிற்று. எரிச்சலில் அதை அடைத்துவிட மட்டும் கூடாது. டேங்க் வெடிக்காமல் காப்பது அது ஒன்றுதான்.

*டாய்லெட் வால்வு* உறைந்து வெடித்திருந்தால் ஒட்டிப் பார்ப்பது வீண். முழு வால்வாகவே மாற்றுங்கள்.

வழியில், கடை கண்ணி இல்லாத இடத்தில் வெடித்தால்? தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிற சிலிக்கான் டேப்பை இழுத்துச் சுற்றலாம், ஆனால் அழுத்தத்தில் அது அதிக நேரம் நிற்காது. அதைவிட, அழுத்திச் செருகுகிற கப்ளர் இரண்டும் மூடி இரண்டும் வண்டியில் எப்போதும் இருக்கட்டும். சேதமான கிளையை வெட்டி மூடி போட்டுவிட்டால் அந்த ஒரு குழாய் மட்டும் இயங்காது, மற்றதெல்லாம் ஓடும்.

படி 5: சோதித்துப் பார்ப்பது

முதலில் பம்ப் அழுத்தத்தில் ஒரு மணி நேரம், ஜாயின்ட்டில் டிஷ்யூவோடு. அது சரியென்றால் வெளி ஹோஸ், ஆனால் அழுத்தக் குறைப்பான் மாட்டாமல் கூடாது. முகாம் இடங்களின் குழாயில் சில சமயம் 80, 100 பி.எஸ்.ஐ. கூட வரும். 40 முதல் 50-க்குள் வைத்தால் போதும். குறைப்பானோடு மீட்டர் இருந்தால் ஒரு நல்ல சோதனை செய்யலாம்: ஹீட்டர் ஆறியிருக்கும்போது அழுத்தம் ஏற்றி, வெளிக் குழாயை மூடி, அரை மணி நேரம் முள்ளைப் பாருங்கள். முள் இறங்கினால் முதலில் ஹோஸின் இரண்டு முனையும் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே சொட்டிக்கொண்டிருக்க, வண்டிக்குள் தேடிச் சலித்துப் போனவர்கள் உண்டு.

படி 6: காயவைப்பது

கசிவை நிறுத்தியதும் பலகையை மூடிவிடுவதுதான் பெரிய தவறு. நனைந்த இடத்தில் ஓரிரு நாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். தரை விரிப்பைத் தூக்கி, நனைந்த இன்சுலேஷனை எடுத்தெறிந்து, ஃபேனையும் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தையும் நாள் கணக்கில் ஓடவிடுங்கள். மேலே தொட்டால் காய்ந்தது போல் இருக்கும், ஏமாறாதீர்கள். ஈரமானியை மரத்தில் குத்திப் பார்த்தால் 15 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். 20-க்கு மேல் இருந்தால் மரம் உளுக்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்தும்போது மாவு போல் உள்ளே போனால் அந்தத் துண்டை அறுத்தெடுத்துப் புதிது போடுங்கள்.

லைனைத் திறந்து வேலை செய்ததால் உள்ளே அழுக்கு போயிருக்கும். டேங்கில் 57 லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லி என்ற கணக்கில் வாசனை சேர்க்காத சாதாரண ப்ளீச் கலந்து, குளோரின் வாடை வரும்வரை எல்லாக் குழாயையும் திறந்து மூடி, நாலு மணி நேரமாவது நிற்கவிட்டு, வாடை போகும்வரை அலசிவிடுங்கள்.

உறைபனி விழும் பகுதியில் வண்டியை நிறுத்தி வைப்பதானால் லைனைக் காலி செய்யாமல் விடாதீர்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். பெக்ஸ் அதைக் கொஞ்சம் தாங்கும், ஃபிட்டிங்கும் வால்வும் தாங்காது. வடிகால்களைத் திறந்து, 40 பி.எஸ்.ஐ.க்கு மிகாத காற்றால் ஊதி எடுக்கலாம், அல்லது குடிநீர் லைனுக்கென்று விற்கிற ப்ரொப்பிலீன் கிளைக்கால் உறைதடுப்பானை நிரப்பலாம். காரின் ரேடியேட்டருக்கு ஊற்றுவது நஞ்சு, அதை இங்கே நினைத்தும் பார்க்காதீர்கள்.

பலகையை மூடும் முன், பைப் உரசுகிற ஓட்டைகளில் ரப்பர் வளையம் போட்டு, ஆடுகிற இடங்களில் க்ளிப் அடித்துவிடுங்கள். புது ஜாயின்ட்டில் டிஷ்யூவைச் சுற்றி அப்படியே விட்டு, இரண்டே இரண்டு ஸ்க்ரூவில் பலகையை நிறுத்தி ஒரு பயணம் போய்வாருங்கள். வந்து திறந்து பார்க்கையில் டிஷ்யூ மொறுமொறுவென்று இருந்தால் மீதி ஸ்க்ரூக்களைப் போடலாம்.